தூணோரத்து இடம்

எங்கள் ஊர்க் கோயிலில் முதல் மணி அடித்து ஓய்வதற்குள் நான் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். தெற்குச் சீமைக் கிறிஸ்தவர்களான எங்களுக்கு ஆலயம் என்பது கோயில்தான், போதகர் என்பவர் ஐயர்தான். ஆண்கள் பக்கம் மூன்றாவது தூணோரம் என் இடம். ஒரு ஞாயிறு ஐயர் பிரசங்கத்தின் நடுவே, ஆராதனைக்கு முந்தி வருகிறவர்கள் என்று சிலரைப் பாராட்டினார். என் பேரும் அதில் இருந்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நான் முந்தி வந்தது ஆண்டவருக்காக அல்ல. என் அண்ணன் எங்கே உட்காருவான் என்று எனக்குத் தெரியும். அவன் கண்ணில் படாத இடம் அந்தத் தூணோரம் ஒன்றுதான். பிந்தினால் அது கிடைக்காது.

அப்பா இறந்த பிறகு விளையைப் பாகம் வைத்தோம். நிலம் பிரிந்துவிட்டது, கிணறு பொதுவில் நின்றது. மோட்டார் ரூம் சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. தண்ணீர் முறையில் ஒரு மணி நேரம் கூடக் குறைய என்று தொடங்கிய பேச்சு, சொல்லக்கூடாததை எல்லாம் சொல்லி, பேச்சே இல்லாமல் முடிந்தது. நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு வரும் திருவிருந்தை ஒரு தடவைகூட நான் விட்டதில்லை. லெந்து நாற்பது நாளும் கறியும் மீனும் தொடவில்லை. தசமபாகம் கணக்குப் பிசகாமல் போனது. என்னைக் கேட்டிருந்தால் விசுவாசி என்றுதான் சொல்லியிருப்பேன், அதைப் பொய் என்று நினைத்தும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பம் பிட்கப்படுவதற்கு முன் எங்கள் ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரம் ஒன்று உண்டு. பீடத்தின் அருகே தொடங்கி வரிசை வரிசையாகக் கைமாறி வரும். கொடுக்கிறவர் தம் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார், பிறகு இருவர் இடது கையும் அடுத்தவர் வலது கையை மூடிக்கொள்ளும். ஒரு கணம் நாலு கையும் ஒரே முடிச்சாக இருக்கும். பனையேறிக் காய்த்த கை, சுண்ணாம்புக் கறை படிந்த கை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஈரக் கை, எல்லாம் இந்த முடிச்சுக்குள் வந்து போகும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் பழைய காலந்தொட்டு இருந்த வழக்கம் இது. எங்கள் தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் தன் திருவிருந்து முறைமையை எழுதியபோது இதை எடுத்துக்கொண்டது. மேலைநாட்டுச் சபைகள் பலவற்றில் சமாதானம் கொடுப்பது மறுபடி வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தத் திருச்சபை உருவான கதையையும் நினைத்துக்கொள்கிறேன். தனித்தனியே நின்ற சபைகள் ஒன்றாவதைப் பற்றித் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்தது 1919-ல். சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானது 1947 செப்டம்பர் 27-ல். 28 வருஷம் பேசியிருக்கிறார்கள். ஒன்றான கையோடு அவர்கள் ஆராதனையில் சேர்த்துக்கொண்டது, பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடிப்பதை. நானோ அந்த முடிச்சைத் தூணுக்கு இந்தப் பக்கம் வாங்கி, தூணுக்கு இந்தப் பக்கமே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சடங்கு வேறு, உண்மையான பக்தி வேறு என்று சுலபமாகப் பிரித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சடங்கைத் தூக்கிப் போட்டால் உள்ளே இருக்கிற பக்தி தெளிந்து தெரியும் என்பார்கள். என் விஷயத்தில் அப்படி இல்லை. அந்தச் சடங்கு என்னிடம் எதைக் கேட்டதோ அதைக் கொடுக்காமல் இருக்கத்தான் நான் தூணைத் தேடினேன். சடங்கு பொய் சொல்லவில்லை.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றிப் படித்தபோதும் இதுதான் மனதில் ஓடியது. பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்றும் எங்கள் கோயில்களில் அவர் கீர்த்தனை இல்லாத பண்டிகை கிடையாது. அவர் விசுவாசத்தைச் சந்தேகிக்க எனக்கு வாய் வராது. ஆனால் கோயிலுக்குள் சாதிப்படி தனித்தனியே உட்காருகிற வழக்கத்தை அவர் எழுத்திலே ஆதரித்தார். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றுக்கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அவர்களும் உருகி ஜெபித்தவர்கள்தான். வீட்டில் எல்லா அறையையும் ஆண்டவருக்குத் திறந்துவிட்டு ஒரே ஒரு அறையை மட்டும் பூட்டி வைக்க மனுஷனால் முடிகிறது. எங்கள் பக்கத்தில் கல்லறைத் தோட்டங்களின் நடுவே நிற்கும் சுவர்களைப் பார்க்கும்போது அந்தப் பூட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அம்மா கதைக்கு வருகிறேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மை கேட்டாள்: "ஒங்கம்மைக்கு முட்டி வலியா? பந்திக்கு எந்திரிக்கவே மாட்டேங்காளே." எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த முதல் ஞாயிறு தூணை விட்டுத் தலையை நீட்டிப் பார்த்தேன். பெண்கள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போனது. அம்மா பாயில் உட்கார்ந்தபடியே இருந்தாள். முக்காடு நெற்றி வரை இறங்கியிருந்தது. பக்கத்தில் கைப்பிடி அரிசிப் பை. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி கோயிலுக்கு என்று எடுத்து வைப்பது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். அதை அவள் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"ரெண்டு பேரும் பேசாமக் கெடக்கியளே. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பந்தியில போயி நிப்பேன்?"

"அது எங்க சண்டைம்மா. ஒனக்கென்ன?"

"பெத்தது நான்தானேய்யா."

ஒரு வருஷமாக அவள் எழுந்திருக்கவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்ததால் நான் அதையும் பார்க்கவில்லை.

மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்லும் இடம் எனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். அன்று ராத்திரி அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. உன்மேல் அவனுக்குக் குறை இருந்தால் என்கிறார். நாலு வருஷமாக நான் என் குறையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு என்மேல் என்ன குறை என்று யோசித்தால், ஆணியில் தொங்குகிற அந்தச் சாவி கண்முன் வந்து நின்றது. நான் வெளியூர் போன நாட்களில் அவன் வாழை தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்தோம். மதினி காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மழையைப் பற்றிப் பேசினோம், அம்மா உடம்பைப் பற்றிப் பேசினோம். கிணற்றைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது "வாரேன்" என்றேன். "சரி" என்றான். அதற்கே நெஞ்சு லேசாகிவிட்டது.

அடுத்த நாள் திருவிருந்து. தூணோரம் போகாமல் அண்ணனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சமாதானம் அவன் கையிலிருந்து என் கைக்கு வந்தது. பெண்கள் வரிசை எழுந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

வழியில் அவளோடு சேர்ந்து நடந்தேன். "நேத்து அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேனேம்மா" என்றேன்.

"தெரியும், ஒம் மதினி சொன்னா" என்றாள். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு கேட்டாள்: "மோட்டார் ரூம் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?"