முகராமல் வாங்குவது

கோவில் வாசலில் இருக்கும் சந்தனக் கடையிலும் ஊதுவத்திக் கடையிலும் சரக்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்காமல் காசை எடுத்து நீட்டுகிறவர் அபூர்வம். துணியைத் தடவிப் பார்ப்பது போல, பரிமள திரவியத்தை முகர்ந்து பார்ப்பதும் வாங்குகிறவருடைய நியாயமான உரிமைதான். ஆனால் வாங்குவது ஸ்வாமிக்கு என்று ஆகிவிட்டால் ஒரு தர்மசங்கடம் எழுகிறது. முகர்ந்த புஷ்பம் பூஜைக்கு ஆகாது என்று பெரியோர் விதித்திருக்கிறார்கள். முகராமல் வாசனையின் தரத்தை அறிவது எங்ஙனம், தரம் அறியாமல் இறைவனுக்கு உகந்ததைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?

இந்த விதியின் கடுமையைப் பெரிய புராணம் படித்தவர்கள் அறிவார்கள். பல்லவ மன்னராகிய கழற்சிங்கரின் பட்டத்தரசி, திருவாரூர்க் கோவிலில் பூமண்டபத்தருகே விழுந்து கிடந்த மலர் ஒன்றை எடுத்து முகர்ந்ததற்காக, செருத்துணையார் என்ற சிவனடியார் அந்த அரசியின் மூக்கை அரிந்தார். பிறகு வந்த மன்னரோ, மூக்குக்கு முன்னே மலரை எடுத்த கையன்றோ குற்றம் புரிந்தது என்று கையையும் துணித்தார். இந்தத் தண்டனையை மெச்சுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதற்குள் அடங்கியுள்ள கேள்வியைத் தள்ளிவிட முடியாது: கண்ணால் கண்டால் கெடாத மலர் மூக்கால் முகர்ந்தால் மட்டும் கெடுவானேன்?

நம் தார்க்கிகர்கள் கந்தத்தை, அதாவது மணத்தை, மண்ணாகிய பிருதிவி ஒன்றுக்கே உரிய குணமாகக் கொண்டார்கள். நீரில் மணம் தோன்றினால் அது நீரிற் கலந்த பிருதிவியின் அம்சத்தால் வந்தது. மணத்தை அறியும் நாசியும் பிருதிவியால் ஆனதே. குணமானது திரவியத்தை விட்டுத் தனியே பிரயாணம் செய்யாதாகையால், காற்று நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது மணத்தோடு கூடிய பொருளின் நுண்ணிய கூறுகளையே என்று ஆகிறது. பச்சைக் கற்பூரத்தைத் திறந்து வைத்தால் நாளடைவில் ஒன்றுமில்லாமற் போவது இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. மூலக்கூறு என்று பெயர் மாற்றி இன்றைய ரசாயன சாஸ்திரமும் இதையே சொல்லுகிறது. பார்ப்பதனால் மலரில் எதுவும் குறைவதில்லை. முகர்வதோ அதில் ஒரு பங்கை உட்கொள்வதாகவே முடிகிறது. ஆகவே முகர்ந்த மலர் எச்சில் என்றது வெறும் ஆசாரப் பிடிவாதமன்று, தர்க்கத்திலும் நிற்கக்கூடியது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலையைப் பெருமாள் விரும்பி ஏற்றாரே என்று கேட்கலாம். கடைக்குப் போகும் நம்மில் எவரும் ஆண்டாள் அல்லோம்.

ஆதலால் மூக்கு செய்ய வேண்டிய காரியத்தை வகையறிவு செய்ய வேண்டியிருக்கிறது. சந்தனத்தில் மணமெல்லாம் வயிரத்தில்தான். வெளிப்புறத்து வெண்மரம் எத்தனை பருமனாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, வேர்ப்பாகத்திலோ தைலம் மிகுதி. கொளுத்துகிற சூடத்தைப் பெரும்பாலும் டர்ப்பென்டைன் எண்ணெயிலிருந்து ரசாயன முறையில் செய்கிறார்கள்; தீர்த்தத்தில் சேரும் பச்சைக் கற்பூரம் வேறு. ஊதுவத்தியில், கரித்தூள் பூசிய வெறுங்குச்சியை வாசனை எண்ணெயில் தோய்த்தது ஒரு வகை, மணப்பொடிகளைப் பிசைந்து குச்சியில் உருட்டியது மற்றொரு வகை. முன்னது கொளுத்துவதற்கு முன்பே கடை முழுவதும் கமழும்; பின்னது பெரும்பாலும் நெருப்புப் பட்ட பிறகே வாய் திறக்கும். மூக்கை நம்பி வாங்குகிறவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

புனுகின் விஷயம் இன்னும் விசித்திரமானது. அன்னம்பட்டர் தமது தர்க்க சங்கிரகத்தில் கந்தத்தை நறுமணம், துர்க்கந்தம் என இரண்டே வகையாகப் பிரித்து முடித்துவிட்டார். பூனையிடமிருந்து எடுத்த மாத்திரத்தில் முகத்தைச் சுளிக்க வைக்கும் புனுகோ, அளவிற் குறைந்து பிறவற்றோடு கலந்தபின் பரிமளமாகிறது. திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் வேங்கடவன் திருமேனியில் சாத்தப்படுவதும் அதுவே. அதை எந்த வகையில் சேர்ப்பது? பொருளில் மட்டுமன்றி அளவிலும் மணத்தின் ஜாதி இருக்கிறதென்று நான் எண்ணுகிறேன். இதையும் முகர்ந்து பார்த்து அறிய முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும்.

திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர் அப்படிக் கேட்டவர். வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, நெல் வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியோடு வழியில் நடந்தவர், எதிரே வந்த வணிகனிடம் பொதியில் இருப்பது என்னவென்று விசாரித்தார். குங்கிலியம் என்று அவன் உண்மையைச் சொன்னான். தாலிப் பொன்னைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார் என்று சேக்கிழார் சொல்லவில்லை. அன்று எழுந்த தூபத்தில், உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த வணிகனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். அவனுக்குப் பெயர்கூடச் சூட்டாமல் புராணம் விட்டது எனக்குச் சற்றுக் குறையாகவே படுகிறது.