சுவரை வைத்துத்தான் சித்திரம்

2010 மார்ச் 22 மாலை, டாக்கா நகரின் தான்மண்டியில் ஒரு புகைப்படக் கண்காட்சி திறப்பதாக இருந்தது. திறந்துவைக்க மகாஸ்வேதா தேவி வந்திருந்தார். அதற்குள் போலீஸ் வந்து, அனுமதி வாங்கவில்லை என்று சொல்லி வாசலை மறித்துக்கொண்டது. எண்பத்து நான்கு வயதில் அந்த எழுத்தாளர் தெருவில் நின்றபடியே கண்காட்சியைத் திறந்துவைத்தார். படங்கள் உள்ளே, பார்க்க வந்தவர்கள் வெளியே, நடுவில் காவலர்கள்.

அந்தப் படங்களில் என்ன இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். புகைப்படக் கலைஞர் ஷஹிதுல் ஆலம் எடுத்த வரிசை அது. தலைப்பு ‘கிராஸ்ஃபயர்’. நம் நாளிதழ்கள் ‘என்கவுன்டர்’ என்று எழுதுவதற்கு வங்கதேசத்தில் வழங்கும் பெயர். பிடிபட்டவரை ஆயுதம் பதுக்கிய இடத்தைக் காட்டச் சொல்லி இரவில் கூட்டிப்போனோம், அவருடைய கூட்டாளிகள் சுட்டார்கள், இரு பக்கச் சண்டைக்கு நடுவில் சிக்கி அவர் இறந்துவிட்டார் என்று, 2004-இல் அமைக்கப்பட்ட விரைவு நடவடிக்கைப் படை ஆண்டுக்கணக்காக ஒரே கதையைச் சொல்லிவந்தது. அந்தப் படையை உருவாக்கியது ஒரு கட்சியின் ஆட்சி. பிறகு வந்த எதிர்க்கட்சி அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே இந்தக் கண்காட்சியை விரும்பக்கூடிய பெரிய கட்சி எதுவும் அந்த நாட்டில் இல்லை.

ஆலமும் அவரோடு உழைத்தவர்களும் வழக்கு வழக்காகத் தகவல் திரட்டினார்கள். பிறகு அவர் அந்த இடங்களுக்கு, கொலை நடந்ததாகச் சொல்லப்பட்ட அதே இரவு நேரத்தில், கேமராவோடும் டார்ச் விளக்கோடும் போனார். ஒரு படத்தில் சுற்றிலும் இருட்டு, நடுவில் நெல்வயல் மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறது. பிணத்தைக் காட்டவில்லை. பயிரின் பச்சையும் அதன் மேல் விழுந்த வெளிச்சமும்தான் படம். கடைசியாக அந்த இடத்தில் நின்றவன் எதைப் பார்த்திருப்பானோ அதை நாமும் பார்க்கிறோம். சாட்சிப் படம் என்றால் இரத்தம் இருக்க வேண்டும் என்று நம்பிவந்தவர்களுக்கு இந்த வயல் வேறொன்றைக் கற்றுத் தரும். எதைக் காட்டாமல் விடுவது என்பதையும் ஒருவர் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போலீஸ் வாசலை மறித்ததை எதிர்த்து ஆலம் தரப்பினர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அரசிடம் விளக்கம் கேட்டது. சில நாட்களில் காவல் விலகி, கண்காட்சி மக்களுக்குத் திறந்தது. இது நடக்க முடிந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு: காலரி அவர்களுடையது. வாடகை மண்டபமாக இருந்திருந்தால் உரிமையாளர் முதல் தொலைபேசி அழைப்பிலேயே பூட்டைப் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. இதற்கு நான்கு மாதம் முன்பு, 2009 நவம்பரில், திபெத் அகதிகள் பற்றிய கண்காட்சியையும் இதே வாசலில் போலீஸ் தடுத்தது. சீனத் தூதரகத்துக்கு அது பிடிக்கவில்லை. அதற்கும் முன்பு, 1971 போரைப் பற்றிய படங்களைத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்க முயன்றபோது, சிலவற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்க மறுத்து, மொத்தக் கண்காட்சியையும் சொந்தக் காலரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விடுதலைப் போரைக் கொண்டாடும் நாட்டில் அந்தப் போரின் முழு ஆல்பத்தை மாட்டுவதற்கு அரசாங்கச் சுவர் போதவில்லை.

இந்தக் காலரியை நடத்தும் த்ரிக் என்ற நிறுவனத்தை ஆலம் 1989-இல் தொடங்கினார். லண்டனில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று 1984-இல் ஊர் திரும்பியவர் அவர். அப்போது டாக்காவில் புகைப்படக் கல்வி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மன்சூர் ஆலம் பெக் 1960-இலேயே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கி ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தார். படச் சங்கம் இருந்தது, போட்டிகள் நடந்தன. ஆனால் பாய்மரப் படகு, மாலைச் சூரியன், வலை வீசும் மீனவர் என்று அழகுப் படங்களின் உலகம் ஒரு பக்கம். வெள்ளம், பஞ்சம், புயல் வரும்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து எடுத்துப்போகும் படங்களின் உலகம் இன்னொரு பக்கம். உலகத்துக்கு வங்கதேசம் என்றால் இரண்டாவது வகைதான். கையேந்தி நிற்கும் நாடு என்ற அந்த முகத்தை அங்கே வாழ்பவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஏழை நாடுகளை ‘மூன்றாம் உலகம்’ என்று சொல்வதை ஆலம் ஏற்கவில்லை. உலக மக்களில் பெரும்பாலோர் வாழும் இடம் பெரும்பான்மை உலகம்தானே என்று கேட்டார், அந்தப் பெயரிலேயே பின்னாளில் ஒரு படநிறுவனமும் நடத்தினார்.

ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. உள்ளூர்க்காரர்களின் படங்களை உலகுக்கு விற்கலாம் என்றால், அந்தத் தரத்தில் எடுக்க ஆட்கள் வேண்டும். அதனால் 1998-இல் ‘பாட்ஷாலா’ என்ற பள்ளி வந்தது. மாணவர்கள் எடுத்ததை யார் பார்ப்பது? 1999 இறுதியில் ‘சோபி மேளா’ என்ற பன்னாட்டுப் புகைப்பட விழா தொடங்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கலாயிற்று. ஆசியாவின் புகைப்பட விழாக்களில் இது முன்னோடி. வெளிநாட்டு வல்லுநர்கள் விழாவுக்கு வந்தால் வகுப்பும் எடுப்பார்கள். வகுப்பில் படித்தவர்கள் விழாவில் ஆணி அடிப்பார்கள், அடுத்த விழாவில் அதே ஆணியில் தங்கள் படத்தை மாட்டுவார்கள். கற்பது, காட்டுவது, கூடியிருப்பது என்ற மூன்றும் தனித்தனித் துறையாகப் பிரிந்துபோகாமல் இருந்ததுதான் இந்த இடத்தின் பலம் என்று நினைக்கிறேன். பல ஊர்களில் கேமரா கற்றுத்தரும் இடம் ஒன்று, படம் மாட்டும் இடம் வேறொன்று, படத்துக்காகச் சண்டை போடும் இடம் எங்கேயும் இல்லை.

இந்த வகைப் பள்ளியில் கேமராவை இயக்கக் கற்றுக்கொடுப்பது சின்ன வேலை. துளையின் அளவும் நேரத்தின் அளவும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். பெரிய வேலை மேசையில் நடக்கும். மாணவர் தம் படங்களைப் பரப்பிவைப்பார், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். இந்தப் படம் எதற்கு, இந்த ஆளிடம் கேட்டாயா, அவர் பெயர் என்ன, அவர் இதைப் பார்த்தாரா என்று கேள்விகள் வரும். நூறில் தொண்ணூறு ஒதுங்கும். மிஞ்சியவற்றை எந்த வரிசையில் வைப்பது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். கடைசியில் படக்குறிப்பு: எங்கே, எப்போது, யார். படம் எடுப்பவர் பலர் வெறுக்கும் வேலை அது. அதைச் செய்யாதவர் எடுத்த நல்ல படம்கூடப் பத்து ஆண்டில் அநாதையாகிவிடுகிறது.

அந்தப் பள்ளியில் படித்த ஒருவர் தஸ்லிமா அக்தர். ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் செயல்படுபவர். 2013 ஏப்ரல் 24 காலை, டாக்காவுக்கு அருகே சாவாரில், தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முதல் நாளே சுவர்களில் விரிசல் கண்டிருந்தது. மறுநாள் வேலைக்கு வரவைத்தார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தஸ்லிமா அன்று முழுக்க அங்கேயே இருந்தார். நள்ளிரவு தாண்டி, இடிபாட்டின் பின்பகுதியில், இடுப்புவரை புதைந்த இருவரைக் கண்டார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவன் கை அவளை அணைத்திருக்கிறது. அவள் உடல் பின்பக்கம் வளைந்து சாய்ந்திருக்கிறது. எல்லாவற்றின் மேலும் சிமென்ட் தூசி. அவன் கண்ணிலிருந்து ஒரு கோடு இரத்தம் கண்ணீர்போல இறங்கியிருக்கிறது.

அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. ஐரோப்பியக் கடைகளில் சட்டை வாங்குபவர்கள் அந்தச் சட்டையைத் தைத்தவர்களை முதல்முறையாகப் பார்த்தது அதில்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. செத்தவர்களின் அந்தரங்கத்தை உலகுக்குக் காட்டலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அது நியாயமான கேள்வி. எனக்கு அதற்கு முழு விடை இல்லை. ஆனால் படத்துக்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். அந்த இருவர் யார் என்று தேடி அலைந்தார். சாவாரின் பள்ளிக்கூட மைதானத்தில் உறவினர்கள் காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நின்றார்கள். பெரும்பாலும் ஸ்டுடியோவில் எடுத்த படங்கள், அடையாள அட்டைப் படங்கள். அந்த முகங்களைத் தஸ்லிமா எடுத்தார். சங்கத்தோடு சேர்ந்து, இறந்தவர்களின் பெயரையும் ஊரையும் வாழ்க்கையையும் குறித்துப் புத்தகமாக்கினார். இடிபாட்டுப் படத்தை எடுக்கச் சில நொடிகள் போதும். அதற்குப் பொறுப்பேற்க ஆண்டுகள் ஆயின. மேசையைச் சுற்றி நின்று பெயர் கேட்கும் பழக்கத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

இந்த இடத்தைப் பற்றிக் குறையாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. பள்ளி தொடங்க வெளிநாட்டு உதவி கிடைத்தது. உலகப் பத்திரிகைப் படப் பரிசை நடத்தும் டச்சு அமைப்பு கைகொடுத்தது. அதனால் கதவுகள் திறந்தன, கூடவே ஒரு சாய்வும் வந்தது. துன்பத்தை அழுத்தமான கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பரிசு வரும் என்று இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். வெளியாள் கண்ணிலிருந்து நாட்டை மீட்கக் கிளம்பியவர்களில் சிலர், வெளியாள் விரும்பும் படத்தை அவனைவிட நன்றாக எடுக்கத் தேர்ந்தார்கள். இதை அங்கே இருப்பவர்களே பேசியிருக்கிறார்கள் என்பது ஆறுதல். முனேம் வாசிஃப், சர்க்கர் ப்ரோதிக் போன்ற பிற்கால மாணவர்கள் மெல்ல வேறு பக்கம் திரும்பினார்கள். ப்ரோதிக் தம் தாத்தா பாட்டியின் முதுமையை, அறையை நிறைக்கும் வெள்ளை ஒளியில், மிக மென்மையாக எடுத்த வரிசையைப் பார்த்தால், இந்த நாட்டைப் பற்றி வேறு எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பது புரியும். அந்த விடுதலையும் அதே பள்ளியில் கிடைத்ததுதான்.

காலரிக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. செருப்பைப் பார்த்தே தயங்கி வாசலில் நின்றுவிடுபவர்களுக்காக, சோபி மேளாவில் படங்களை ரிக்‌ஷா வண்டிகளில் மாட்டித் தெருத்தெருவாக ஓட்டினார்கள். 1994-லேயே மீர்பூரில் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பழக்கினார்கள்.

2018 ஆகஸ்ட் 5 இரவு, சாலைப் பாதுகாப்பு கேட்டு மாணவர்கள் போராடிக்கொண்டிருந்த நாட்களில், ஆலமை அவருடைய வீட்டிலிருந்து சீருடை அணியாத ஆட்கள் தூக்கிப்போனார்கள். அல் ஜசீராவுக்கு அவர் கொடுத்த பேட்டிதான் குற்றம். மறுநாள் நீதிமன்றத்துக்கு வந்தபோது தம்மை அடித்ததாகச் சொன்னார். நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்தார். ஒருவரைச் சுற்றியே வளர்ந்த நிறுவனம், அவர் இல்லாமல் நிற்குமா என்பது அப்போதுதான் சோதனைக்கு வந்தது. நின்றது. மாணவர்களும் பழைய மாணவர்களும் அவருடைய படங்களைப் பல நாடுகளில் மாட்டினார்கள். நவம்பரில் அவர் வெளியே வந்தார். அடுத்த பிப்ரவரியின் கடைசி நாளில் பத்தாவது சோபி மேளா தொடங்கிவிட்டது. அவரோடு உரையாட அருந்ததி ராய் வந்தபோது, மண்டபத்துக்குக் கொடுத்த அனுமதியை முதல் நாள் இரவு போலீஸ் திரும்பப் பெற்றது. தான்மண்டியில் வேறொரு அரங்கில் உரையாடல் நடந்தது.

2024 ஜூலை மாதம் அந்த நாட்டில் மறுபடி மாணவர்கள் எழுந்தார்கள். ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் இரு கைகளையும் விரித்துக் காவலர்களுக்கு எதிரே நின்று சுடப்பட்ட காட்சி நாடு முழுதும் பரவியது. சில நாட்களில் அரசு இணையத்தைத் துண்டித்தது. ஆகஸ்ட் 5 அன்று, ஆலம் தூக்கிச் செல்லப்பட்ட அதே தேதியில், பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த வாரங்களின் வரலாறு பெருமளவுக்குச் செல்பேசிகளில் இருக்கிறது. எடுத்தவர்கள் யாரும் எந்தப் பள்ளியிலும் படித்திருக்கத் தேவையில்லை, அவர்கள் அங்கே இருந்தார்கள். இனிப் படம் எடுக்கச் சொல்லித்தரப் பள்ளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதில் ஒரு நியாயம் உண்டு.

ஆனால் செல்பேசி தொலையும், மாற்றப்படும். ஒரு தெருவில் நடந்ததை இன்னொரு தெருவின் பெயரில் பரப்புவார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் நாளில் எடுத்தவர் யார் என்றே தெரியாது. அந்தப் படங்களை வீடு வீடாகப் போய் வாங்கி, இடத்தையும் நேரத்தையும் சரிபார்த்து, உள்ளே இருப்பவர் யார் என்று தாய் தகப்பனிடம் கேட்டு எழுதி, எந்தக் கட்சி கேட்டாலும் ஒன்றைக்கூட உருவிக் கொடுக்காமல் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். அதற்கு ஆட்களைப் பழக்க வேண்டும். கேமராவைத் தொடாமலே செய்யும் வேலை அது. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், பரிசு எதுவும் வராது.