ஒரு சொட்டின் வளைவு

நாளிதழின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டுக்குக் கீழே இருக்கும் எழுத்து பெருத்துத் தெரியும். விரல் நுனியில் துளி சோப்பைத் தொட்டு அந்தச் சொட்டில் வையுங்கள். அது தட்டையாகப் பரவும்; எழுத்தும் சிறுத்துவிடும். தண்ணீர் அதேதான், வளைவுதான் மாறியது.

சோப்பு செய்யும் இந்த வேலையை மின்சாரமும் செய்யும். மின்னழுத்தம் பாதரசத்தின் பரப்பு இழுவிசையை மாற்றுவதை 1875இல் காப்ரியேல் லிப்மன் விளக்கினார். ஆனால் தண்ணீரில் நேரடியாக மின்சாரம் பாய்ந்தால் அது வாயுக்களாகப் பிரிந்துவிடும். 1990களில் பிரான்சின் புரூனோ பெர்ழே உலோகத்துக்கும் நீருக்கும் நடுவே மெல்லிய காப்புப் படலம் வைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்.

இந்த முறையில் அவர் உருவாக்கிய லென்ஸில் சில மில்லிமீட்டர் அகலச் சிமிழுக்குள் உப்புநீரும் எண்ணெயும் கலக்காமல் இருக்கின்றன. இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே. அதனால் சிமிழைக் கவிழ்த்தாலும் எதுவும் மிதக்காது, எதுவும் அமிழாது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான். மின்னழுத்தம் ஏற ஏற நீர் சுவரோடு ஒட்டிப் படரும், எண்ணெய் நடுவே குவியும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் குவியம் மாறிவிடும். தேய்வதற்கு நகரும் பாகமே இல்லை.

அதனால்தான் உயரம் மாறி மாறி வரும் பெட்டிகளின் பார்கோடைப் படிக்கும் கருவிகளில் இது இடம்பிடித்தது. 2021இல் ஷாவ்மி தன் மடக்கு போனில் வேறு வகைத் திரவ லென்ஸைப் பொருத்தியது. 3 சென்டிமீட்டரில் இருக்கும் பூவையும் தூரத்து முகத்தையும் ஒரே கேமராவே எடுத்தது.

எனக்கு வேண்டியது இப்படிக் குவியம் மாறும் மூக்குக்கண்ணாடி. நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகி வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. படி இறங்கக் கீழே பார்த்தால் அதுவே படியைக் கலங்கலாக்குகிறது. வயதானவர்கள் விழுவது இப்படியும்தான். வேண்டும்போது மட்டும் படிப்பதற்கு மாறும் கண்ணாடி இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

திரவ லென்ஸைக் கண்ணாடி அளவுக்குப் பெரிதாக்குவது கடினம். அகலம் கூடக் கூட அசைவில் குலுங்கும். ஆகவே அமெரிக்காவில் 2011இல் விற்பனைக்கு வந்த எம்பவர் கண்ணாடி திரவப் படிகத்தை நம்பியது; மின்சாரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் திரும்பி ஒளியை வளைக்கும். விலை அதிகம், மாறும் பகுதியோ சிறியது, சந்தையில் நிலைக்கவில்லை. வழி தவறில்லை என்றே நினைக்கிறேன். பார்கோடு படிக்க வந்துவிட்ட வசதி, படி இறங்கும் பெரியவருக்கு இன்னும் பரவலாக வந்து சேரவில்லை.