காலம் தரும் தீர்ப்பு

தன் காலத்தாரால் மதிக்கப்பெறாத கலைஞனுக்கு நாம் வழக்கமாகக் கூறும் ஆறுதல் ஒன்று உண்டு. "இன்று இல்லாவிடினும் நாளை உலகம் உணரும், காலம் தீர்ப்பளிக்கும்" என்பதே அது. கேட்பதற்கு இனிய மொழிதான். ஆயினும் அது அறத்திற்கு ஒத்த மொழியா? இவ்வினாவை ஆராய்வதற்கு மேலைநாட்டுப் பாப் இசையுலகம் பெரிதும் துணைசெய்யும். சந்தையும் கலையும் ஒன்றோடொன்று மோதுவதை அங்கு வெளிப்படையாகக் காணலாம்.

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் 1943இல் பிறந்தவர் ஸ்காட் வாக்கர். 'வாக்கர் பிரதர்ஸ்' என்னும் மூவர் குழுவின் பாடகராக இங்கிலாந்து சென்று, 1965இலும் 1966இலும் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றார். தனித்துப் பாடத் தொடங்கிய பின்னும் 1968இல் அவருடைய இரண்டாம் தொகுப்பு முதலிடத்தை எய்தியது. அடுத்த ஆண்டு, தாமே இயற்றிய பாடல்களை மட்டும் கொண்ட 'ஸ்காட் 4' தொகுப்பை வெளியிட்டார். அது பட்டியலில் இடம்பெறவே இல்லை. பின்னர்ச் சில ஆண்டுகள் பெரும்பாலும் பிறர் பாடல்களைப் பாடிக் கழித்தார். 1995இல் வெளிவந்த 'டில்ட்', கேட்போரைத் திகைக்கவைத்த புதுமுயற்சி. 2006இல் வந்த 'தி டிரிஃப்ட்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. இறைச்சித் துண்டை முட்டியால் குத்தி எழுப்பிய ஓசையும் அதில் தாளமாக ஒலித்தது. அதனை வெளியிட்டது '4ஏடி' என்னும் தனித்தியங்கும் இசைப் பதிப்பகம். 2019இல் அவர் மறைந்தபோது உலகம் அவரைப் பெரும் புதுமையாளர் எனப் போற்றியது. ஒதுக்கப்பட்ட 'ஸ்காட் 4' இன்று அவருடைய சிறந்த படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

வாஷ்டி பன்யன் என்னும் ஆங்கிலப் பாடகியின் வரலாறு இன்னும் வியப்புடையது. 1970இல் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்து, மிகச் சில படிகளே விற்றது. அவர் இசையை விடுத்து, மக்களைப் பேணும் இல்வாழ்வில் அமைந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்து 2000இல் அத்தொகுப்பு மறுபதிப்பாகவே, இளைய இசைவாணர்கள் அவரைத் தேடி வந்தனர். 2005இல் அவருடைய இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது.

இவற்றைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, காலம் தீர்ப்பளித்துவிட்டது!" என்று நாம் மகிழ்கிறோம். சற்றே நின்று எண்ணுவோம். 2000இல் அம்மறுபதிப்பு வராமலே போயிருப்பின், 1970இல் அவர் பாடிய பாட்டின் தரம் குறைந்திருக்குமோ? குறைந்திராது. அவ்வாறாயின் பின்வந்த புகழ் எதனை மெய்ப்பித்தது? கேட்போர் வந்து சேர்ந்தனர் என்பதை மட்டுமே. காலத்தின் தீர்ப்பு என நாம் கூறுவதும் ஒருவகையில் சந்தையின் தீர்ப்பே. முப்பது ஆண்டுகள் தாழ்த்து வந்தது என்பதே வேறுபாடு.

மேலும், மீட்கப்பட்டவரை மட்டுமே நாம் அறிவோம். மீட்கப்படாதார் எத்துணையர் என்பதை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. அவர்தம் பெயரே நமக்கு எட்டவில்லை. அவர்களுக்கு இவ்வாறுதல் பொய்யாகிவிடுகிறது. இளங்கலைஞனுக்கோ இது தீங்கும் செய்யும். புறக்கணிக்கப்படுவதே மேன்மையின் அடையாளம் என அவன் மயங்கக்கூடும். உழைப்பின் குறையையும் உலகின் குறையாகக் காணக்கூடும்.

அங்ஙனமாயின் எதனை அளவுகோலாகக் கொள்வது? வாஷிங்டன் நகரில் தோன்றிய 'ஃபுகாசி' என்னும் குழு இதற்கு ஒரு விடை தருகிறது. 1987 முதல் 2002 வரை மேடையேறிய அக்குழு, பெருநிறுவனங்களைச் சாராமல், அதன் பாடகர் இயன் மக்கை 1980இல் நண்பருடன் தொடங்கிய 'டிஸ்கார்ட்' பதிப்பகத்தின் வழியே தன் இசைத்தட்டுகளை வெளியிட்டது. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே நின்றது. எவ்வயதினரும் வரலாம் என்பது அவர்தம் கொள்கை. குழுவின் பெயர் பொறித்த சட்டைகளை விற்கவும் மறுத்தனர். இவற்றுள் ஒன்றேனும் வருங்காலத்தின் தீர்ப்பை நோக்கிச் செய்யப்பட்டதன்று. எவருக்கு, என்ன விலைக்கு, எவ்வாறு பாடுகிறோம் என்பதை அன்றன்றே தம் கையால் முடிவு செய்தனர்.

புகழுக்கு அறத்துப்பாலில் ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், வினைத்தூய்மையைப் பொருட்பாலில் வைத்தார். அமைச்சர்க்கு உரியதாக வைக்கப்பட்ட அதிகாரமே எனினும், பொருளீட்டும் இடத்திலேயே தூய்மை வேண்டப்படுகிறது என்னும் குறிப்பை நாம் அதில் காணலாம். கலைஞன் பொருளீட்டுதல் இழுக்கன்று. வயிற்றுக்காகப் பிறர் பாட்டைப் பாடுதலும் இழுக்கன்று. தான் நம்பாத ஒன்றைத் தன் உள்ளமெனக் காட்டி விற்பதே இழுக்கு. கேட்போருக்கு அவன் பட்ட கடன் உண்மையாய் இருத்தலே. அவர்களை மகிழ்வித்தே ஆக வேண்டும் என்னும் கடன் அவனுக்கு இல்லை. அவர்களை இகழும் உரிமையும் அவனுக்கு இல்லை.

இன்று இவ்வினா மேலும் கூர்மை பெற்றுள்ளது. வீட்டு அறையிலிருந்தே ஓர் இளைஞன் தன் பாடலை உலகெங்கும் அனுப்பலாம். ஆனால் ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடலுக்கு உரிமைத்தொகை இல்லை என்னும் விதியை 'ஸ்பாட்டிஃபை' நிறுவனம் 2024இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. சிறு குழுக்களின் உழைப்புக்கு இதனால் நேரும் இழப்பைக் குறைகூறுதல் முறையே. எனினும், தொள்ளாயிரம் முறை கேட்கப்பட்ட பாடலைப் பாடியவனிடம், "கவலற்க, காலம் வரும்" என நாம் கூற வேண்டா. வாராமலும் போகலாம். அவனிடம் நாம் கேட்கத்தக்கது, "நீ பாடியது உனக்கு உண்மையாய் இருந்ததா? அதற்குரிய உழைப்பை நீ நல்கினாயா?" என்பதே. ஆம் எனின், அவன் பணி அன்றே நிறைவெய்தியது. அதனைச் செவிமடுத்துக் கேட்பது நம் பணி. அதனைக் காலத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ளலாகாது.