இரண்டு வேலை, ஒரு வாக்கு



தஞ்சாவூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகள் ஆகாயத்தைப் பார்த்தே வளருகிறார்கள். நமது விமானப்படைத் தளத்துக்கு 2020-ம் ஆண்டு ஜனவரியில் சுகோய் விமானங்களின் அணி ஒன்று வந்து சேர்ந்தது முதல், நாற்றுப் பறிக்கிறவர்கள்கூட இரைச்சல் கேட்டால் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் குனிகிறார்கள். ஞானோபதேச வகுப்பில் "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், பையன்களில் பலரும், இப்போது பெண் பிள்ளைகளில் சிலரும், "பைலட்" என்கிறார்கள். எங்கோ ஒருவருக்கு அது பலித்தும் விடுகிறது. பலித்த வீட்டில் சந்தோஷத்தோடு ஒரு கலக்கமும் வருகிறது. இரண்டு கம்பெனிகள் ஒரே மாதத்தில் வேலை தருகிறோம் என்று எழுதுகின்றன. எதற்குப் போவது? ஒன்றுக்குச் சம்மதித்த பின் மற்றது அதிகம் தந்தால் மாறலாமா?

விமானி வேலை நம்மில் வெகு சிலருக்கே கிடைக்கும். ஆனால் சென்னையில் ஒன்று, துபாயில் ஒன்று என்று இரண்டு வேலைகளுக்கு நடுவே நிற்கிற பிள்ளைகள் அநேக வீடுகளில் உண்டு. விமானியின் காரியத்தை நான் எடுத்துக்கொள்வது, அதில் கடன், வாக்கு, பிறர் உயிர் ஆகிய மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்பதால்தான்.

முதலில் அந்த வேலையின் ஏற்பாடு இன்னதென்று அறிந்துகொள்வோம். நம் நாட்டில் விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஐம்பது லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் செலவாகிறது. நம் பக்கத்தில் அவ்வளவு பணம் என்றால் அது நிலம்தான்: விற்றதோ, ஒத்திக்கு வைத்ததோ. லைசென்ஸ் வந்தாலும் முடிந்துவிடவில்லை. ஏர்பஸ் ஓட்டப் பழகினவர் போயிங்கில் ஏறி உட்கார முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சி, தனி அனுமதி. சில கம்பெனிகள் அந்தச் செலவைத் தாங்களே ஏற்று, இத்தனை வருஷம் எங்களிடம் இருக்கவேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொள்ளும். உள்ளே போன பிறகு சீனியாரிட்டி என்று ஒரு வரிசை உண்டு. யார் எப்போது காப்டன் ஆவது, எந்த ஊரில் இருந்து பறப்பது என்பதில் அந்த வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பெனி மாறினால் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும். ஆகவே இருபத்தைந்து வயதுப் பிள்ளை தெரிந்துகொள்வது ஒரு மாதச் சம்பளத்தை அல்ல. தன் ஆயுளில் பெரும் பகுதி நிற்கப்போகிற ஓர் இடத்தை.

இப்படிப்பட்ட நேரத்தில் சில தாய்மார் என்னிடம் வந்து, "சாமி, இரண்டு கம்பெனிப் பேரையும் சீட்டில் எழுதிப் பீடத்தின் மேல் வையுங்கள், பூசை முடிந்ததும் நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்பதுண்டு. திருவுளச் சீட்டு நம் ஜனங்களிடம் பழைய வழக்கம். அப்போஸ்தலர்களும் அர்ச். மத்தியாஸைச் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள் என்று வேத வாக்கியத்தையும் எனக்கு நினைப்பூட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் முதலில் தகுதியை நன்றாய் ஆராய்ந்து, இரண்டு பேரை நிறுத்திய பிறகே சீட்டுப் போட்டார்கள். இஸ்பிரீத்துசாந்து அவர்கள்மேல் இறங்கிய பிறகு சீட்டுப் போட்டதாக நாம் வாசிப்பதில்லை. அவசியமில்லாமல் சீட்டைத் தேடுவது சர்வேசுரனைச் சோதிப்பதாகும் என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸின் தீர்மானம். யோசிக்கும்படி அவர் நமக்குப் புத்தியைத் தந்திருக்க, நாம் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காகிதத்தைக் கேட்பானேன்? ஆகவே நான் சீட்டு எடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அர்ச். இஞ்ஞாசியாரே ஒரு காலத்தில் இப்படிச் செய்தவர்தான். 1522-ல் அவர் மனந்திரும்பிய புதிதில், மோன்செராத் என்னும் மாதா க்ஷேத்திரத்துக்குப் போகிற வழியில், தேவமாதாவின் கன்னிமையைக் குறைத்துப் பேசிய ஒருவனைச் சந்தித்தார். அவன் முன்னால் போய்விட்டான். பின்னாலேயே போய் அவனைக் கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா என்று தீர்மானிக்க முடியாமல், வழி பிரிகிற இடத்தில் தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அவன் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்துவது, நேர் ரஸ்தாவில் போனால் விடுவது என்பது ஏற்பாடு. கழுதைக்கு நல்ல புத்தி இருந்தது, ரஸ்தாவிலே போயிற்று. அதே மனிதர்தான் பிற்காலத்தில், ஒரு கிறிஸ்தவன் தன் வாழ்க்கைக் காரியங்களை எப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஞானத் தியானப் புஸ்தகத்தில் படிப்படியாக எழுதிவைத்தார். அதில் கழுதைக்கு இடமில்லை.

அவர் சொல்லுகிற முதல் காரியம், தராசு முள் நடுவில் நிற்கவேண்டும் என்பது. ஆசை ஒரு தட்டை முன்னமே அழுத்திக்கொண்டிருந்தால் எடை போடுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது, முடிவு எது, வழி எது என்று கண்டுகொள்ளுவது. வேலை வழி. அநேகர் முதலில் சம்பளத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு அந்தச் சம்பளத்துக்குள் சர்வேசுரனுக்கு ஓர் இடம் பார்க்கிறார்கள், இது தலைகீழ். மூன்றாவதாக ஒரு சாமர்த்தியமான உபாயம் சொல்லுகிறார். நீ ஒருநாளும் பார்த்திராத ஒருவன், அவனுக்கு நீ நன்மையைத் தவிர வேறொன்றும் விரும்பவில்லை; அவன் இதே இரண்டு வேலைகளோடு உன்னிடம் வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்? அதையே நீ செய். பிறகு மரணப் படுக்கையை நினைக்கச் சொல்லுகிறார். வாலிபர்களுக்கு மரணம் தூரமாய்த் தோன்றினால், நான் வேறொன்று சொல்லுகிறேன்: நம் நாட்டு விமானி 65 வயது வரை பறக்கலாம். அந்தக் கடைசி நாளில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, எந்த வருஷங்களை நினைத்துச் சந்தோஷப்படுவாய்?

இப்படிப் பார்த்த பிறகும் இரண்டும் சமமாகவே நின்றால், எதற்கு வேண்டுமானாலும் போகலாம். இதை அழுத்தியே சொல்லுகிறேன். தேவசித்தம் என்பது எங்கோ புதைத்து வைத்த குடம், தப்பான இடத்தைத் தோண்டினால் தொலைந்தது என்று பயப்படுகிற பக்தியுள்ள பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். நேர்மையான இரண்டு வேலைகளில் எதைத் தெரிந்தாலும் பாவமில்லை. மாற்றக்கூடாத தெரிவுகளும் உண்டு, மாற்றக்கூடிய தெரிவுகளும் உண்டு என்று இஞ்ஞாசியார் பிரிக்கிறார். விவாகமும் குருத்துவமும் முதல் வகை. உத்தியோகம் இரண்டாவது வகை.

ஆனால் எடை போடும்போது ஒரு கல்லை வைக்க மறந்துவிடுகிறார்கள். சம்பளம், ஊர், விமானத்தின் வகை எல்லாவற்றையும் விசாரிக்கிற பிள்ளை, அந்தக் கம்பெனியில் ஒரு விமானி "எனக்கு அலுப்பாயிருக்கிறது, இன்று ஓட்டமாட்டேன்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று விசாரிக்கிறதா? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் இறங்குவதையும் குறைத்து, அரசாங்கம் புதிய விதிகளை 2025-ல் இரண்டு கட்டமாய் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கேற்ற விமானிகளை ஆயத்தம் செய்யாததால், அவ்வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் நின்றுபோனதைப் பத்திரிகைகளில் வாசித்தோம். ஓய்வு என்பது விமானியின் சுகம் மட்டுமல்ல; பின்னால் உட்கார்ந்திருக்கிற நூற்றெண்பது பேரின் உயிர். ஐந்தாம் கட்டளை இந்த இடத்தில் வந்து நிற்கிறது. அதிகச் சம்பளம் தந்து அலுப்பை மறைக்கச் சொல்லுகிற இடம் ஒன்று, குறைத்துத் தந்தாலும் விமானியின் சொல்லை மதிக்கிற இடம் ஒன்று என்றிருந்தால், இரண்டும் சமமல்ல.

இனி, சம்மதம் கொடுத்த பின்னுள்ள காரியம். இங்கே கணக்கே மாறுகிறது.

நம் வயல்களில் நடப்பதைப் பாருங்கள். குறுவை சாய்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழை மேற்கே கறுக்கிறது. அறுவடை மெஷின்காரர் அச்சாரம் வாங்கிக்கொண்டு, "நாளைக் காலை முதல் வயல் உங்களுடையது" என்கிறார். காலையில் அவர் வரவில்லை. பக்கத்து ஊரில் மணிக்கு இருநூறு ரூபாய் கூடத் தருகிறார்களாம். அன்று இரவு மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அச்சாரத்தை மறுநாள் அவர் திருப்பித் தந்தாலும், முளைத்த நெல்லை யார் திருப்பித் தருவது? இவ்விதம் ஏமாந்தவர்கள் பேசும் வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். இங்கே எழுத முடியாது. அதே வீட்டில், மகன் ஒரு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் இல்லாமல் வேறு இடம் போனால் அது கெட்டிக்காரத்தனம் என்று மெச்சுகிறார்கள்.

2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், வேலையை விடுகிற காப்டன் ஓராண்டு முன்னதாகவும், துணை விமானி ஆறு மாதம் முன்னதாகவும் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. 2023-ல், 43 விமானிகள் அந்தக் காலத்தை முடிக்காமல் திடீரென்று விலகியதால் விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது என்று ஆகாசா ஏர் கம்பெனி நீதிமன்றம் போயிற்று. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விதி நீளமானது, ஒருதலையானது என்று விமானிகள் சொல்வதிலும் விஷயம் இல்லாமலில்லை. நான் நினைப்பது ரத்தான விமானத்தில் டிக்கெட் வாங்கியிருந்தவர்களை. திருச்சி விமான நிலையத்தில் நின்று பாருங்கள். விசா முடிகிற தேதிக்குள் போய்ச் சேரவேண்டியவர் ஒருவர். ஐஸ் பெட்டியில் தகப்பனை வைத்துக்கொண்டு வீட்டார் காத்திருக்க, சிங்கப்பூரிலிருந்து அடக்கப் பூசைக்கு ஓடி வருகிற மகன் ஒருவர். "கம்பெனி என்ன மனுஷனா, அதை ஏமாற்றினால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கிறவர்களுக்கு, இவர்களுக்கு என்று பதில் சொல்லலாம். ஓய்வு நாளில் திடீரென்று அழைக்கப்படுகிற சக விமானிக்கும்.

தகப்பன் தோட்டத்துக்குப் போகச் சொன்னபோது, போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனைப் பற்றி நம் ஆண்டவர் உவமையாய்ச் சொன்னதை அறிவீர்கள். அந்த மகன் தகப்பனை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை, மரியாதையாகவே பேசினான். சொன்னது நடக்கவில்லை, அவ்வளவுதான். சங்கீதமும், சர்வேசுரனுடைய மலையில் வாசம்பண்ணத்தக்கவன் யார் என்று கேட்டு, தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவனை அங்கே சேர்க்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமானது. கம்பெனிகள் வாக்கைக் காப்பாற்றுகின்றனவா? கிங்பிஷர் 2012-ல் நின்றது, ஊழியருக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் ஒரே இரவில் நின்றது. கோ பர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஓராண்டு நோட்டீஸ் கேட்கிறவர்கள் ஒரு நாள் நோட்டீஸும் தராமல் கதவைச் சாத்தும்போது, விமானி மட்டும் அரிச்சந்திரனாய் இருக்கவேண்டுமா?

நியாயமான கேள்வி. ஒப்பந்தம் இரு கைகளால் கட்டுகிற கட்டு. ஒரு கை அவிழ்த்துவிட்டால் மறு கை கட்டப்பட்டிருப்பதில்லை. கூலிக்காரனுக்குக் கூலி கொடாமல் வஞ்சிப்பது சர்வேசுரனை நோக்கி முறையிடுகிற பாவங்களில் ஒன்று என்று சின்ன வயதிலே மனப்பாடம் செய்தோமே. சம்பளம் தராத கம்பெனியை விட்டு நாளைக்கே போகலாம். பறக்கத் தகாத விமானத்தை ஓட்டச் சொல்லுகிற கம்பெனியை விட்டு இன்றைக்கே போகவேண்டும். பயிற்சிக்கு ஆன செலவைவிடப் பல மடங்கு பாண்டு எழுதி வாங்கியிருந்தால், வக்கீலைப் பார்ப்பதில் மனச்சாட்சிக்கு ஒரு குற்றமும் இல்லை. ஆட்களும் சூழ்நிலையும் மெய்யாகவே மாறிப்போனால் வாக்குக் கட்டாது என்று அர்ச். தோமாஸும் ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் இன்னொருவர் அதிகம் தருகிறார் என்பது சூழ்நிலை மாறினதாகாது. மற்றொரு கம்பெனி என்றோ செய்த துரோகத்துக்காக, ஒழுங்காய்ச் சம்பளம் தருகிற இந்தக் கம்பெனியைத் தண்டிப்பதும் நீதியாகாது. மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நோட்டீஸ் கொடுத்து, அந்தக் காலத்தை முழு மனதோடு உழைத்து, பாண்டுப் பணத்தைக் கணக்குத் தீர்த்துவிட்டு, தாராளமாய் மாறலாம். புதுக் கம்பெனி அதுவரை காத்திருக்காது என்று சொன்னால், தன்னிடம் வருகிறவன் எப்படிப்பட்டவனாய் இருக்கவேண்டும் என்று அது விரும்புகிறதென்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வாக்குத் தவறுதல்களில் பாதி, பிள்ளைகளின் மனதில் பிறப்பதல்ல. சாப்பாட்டு நேரத்தில் பிறக்கிறது. "உனக்காகத்தான் ஆற்றங்கரை நிலத்தை வைத்தேன்" என்று தகப்பனார் ஒரு தரம் சொன்னால் போதும், பிள்ளைக்கு நாலாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் ஒன்றோடொன்று மோதுவதுபோல் ஆகிவிடும். உண்மையில் மோதவில்லை. தகப்பனுக்குக் கீழ்ப்படிகிற கடமை, வாக்குத் தவறும்படி தகப்பன் சொன்னால் அந்த இடத்தில் நின்றுபோகிறது. நிலத்தின் மேல் உங்களுக்குள்ள ஏக்கம் எனக்குத் தெரியாததல்ல. அதைச் சிறிதென்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. வங்கிக் கடனானால் மேலாளரிடம் தவணையை நீட்டித் தரும்படி எழுதிக் கேட்கலாம். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்த பின்னும் கொஞ்ச காலம் தவணை ஆரம்பிக்காதபடி பல வங்கிகளில் வசதி உண்டு. ஒத்தியானால், வாங்கினவர் பெரும்பாலும் அடுத்த தெருக்காரர்தான். இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள். தனியாய்ப் போகக் கூச்சமாயிருந்தால், சாயந்திர ஜெபமாலைக்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.