கலந்தது யார்? பிரிப்பது யார்?

பொருளை ஈட்டுவதில் அறம் உண்டு, அளவோடு வைத்துக்கொள்வதில் அறம் உண்டு என்பதை நம் சமூகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. கைவிடுவதிலும் அறம் உண்டு என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியாகிய உத்சர்க்க சமிதி இதையே கூறுகிறது. உடற்கழிவையும் உயிரினம் இல்லாத இடம் பார்த்தே விடுதல் வேண்டும் என்பது அந்த ஒழுக்கம். திருச்சி மலைக்கோட்டையின் கற்படுக்கைகளில் துயின்ற துறவியர்க்கு மயிற்பீலியும் கமண்டலமும் அன்றிக் கைவிட வேறு பொருள் இருந்திராது. இல்லறத்தாராகிய நமக்கோ நாள்தோறும் ஒரு கூடை நிறைய உண்டு.

திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நீராடிச் செல்வோர் விட்டுப்போகும் பைகளைக் காண்கிறோம். பூ, எண்ணெய் உறை, தண்ணீர்ப் புட்டி, தேநீர்க் குவளை யாவும் ஒரே முடிச்சுக்குள் கிடக்கும். “எல்லாம் பிளாஸ்டிக்தானே, உருக்கினால் மறுபடி பொருளாகிவிடும்” என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். இக்கூற்று உண்மைதானா?

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயரன்று; ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். தண்ணீர்ப் புட்டியையும் அதன் மூடியையும் நறுக்கி ஒரு வாளி நீரில் இட்டுப் பாருங்கள். மூடித் துண்டு மிதக்கும், புட்டித் துண்டு அமிழும். (பேரக்குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். காட்டிய பின் பேசு என்பதே ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றது.) புட்டி ‘பெட்’ என்னும் வகை. பால் உறை பாலிஎத்திலீன். உணவு விடுதியார் குழம்பு ஊற்றித் தரும் டப்பா பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். வீட்டுத் தண்ணீர்க் குழாய் பி.வி.சி. பால் உறை 110 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். பெட் உருகச் சுமார் 250 பாகை வேண்டும். அவ்வெப்பத்தில் பி.வி.சி. சிறிதளவு கலந்திருந்தாலும் அது சிதைந்து அமிலத்தை உமிழ்கிறது. அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து நிறத்தையும் கெடுக்கிறது.

பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் இரண்டுமே மிதப்பவை. ஆகவே நீரில் இட்டுப் பிரிக்க இயலாது. உருக்கிக் கலந்தால் ஒன்றானது போலத் தோன்றும். நுண்ணளவில் பார்த்தால், நீரில் எண்ணெய் போல, ஒன்றினுள் மற்றது துளித்துளியாகத் தனித்தே நிற்கும். பால் உறையை இழுத்தால் அறுபடுமுன் நன்கு நீளும். கலவைத் தகடோ சிறிது இழுத்ததும் அத்துளிகளின் எல்லையிலேயே விட்டுப்போய் முறியும்.

இதற்கு அறிவியலார் வழி தேடாமல் இல்லை. 2017இல் அமெரிக்காவின் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகத்தார், ஒரு பகுதி இதற்கும் மறுபகுதி அதற்கும் உறவாகும் இணைப்புச் சங்கிலி ஒன்றை ஆக்கினர். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே கலவை முறியாமல் நீள்கிறது. நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் வேறு வழி கண்டார். சூடேற்றிய கருங்கல் சல்லிமேல் பிளாஸ்டிக் துகளைத் தூவி, அது உருகிப் படிந்தபின் தார் சேர்த்துச் சாலை இடும் முறை அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அம்முறையில் பல வகைகள் கலந்திருக்கலாம், ஆனால் பி.வி.சி. ஆகாது. அதை யாரேனும் பொறுக்கி எடுத்தாக வேண்டும். சாலையில் படிந்த பால் உறை மீண்டும் உறையாவதும் இல்லை.

அந்த ‘யாரேனும்’ என்பவரைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். வினை மூவகையால் வந்து சேரும் என்பது நம் கொள்கை: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல். சவர பிளேடும் உடைந்த கண்ணாடியும் ஊசிய சோறும் பால் உறையும் ஒரே பையில் கட்டித் தருபவர், தூய்மைப் பணியாளரின் விரல் அறுபட நினைக்கவில்லைதான். ஆனால் இம்சைக்கு வேராக நம் ஆசாரியர்கள் கூறியது பகையை மட்டுமன்று; பிரமாதத்தையும், அதாவது கவனமின்மையையும் கூறினர். “அவர் கூலி பெறுகிறாரே” என்பார்க்கு நம் மறுமொழி, கூலி உழைப்புக்கே தரப்படுகிறது என்பது. சோற்று மணத்துக்காகப் பையோடு விழுங்கி, இரைப்பை அடைத்து மாளும் பசுவுக்குக் கூலியும் இல்லை. பல்லாண்டுகள் குப்பை குவிந்து, பலமுறை தீப்பற்றிய அரியமங்கலம் கிடங்கின் புகை, கலந்தவர் வீட்டை மட்டும் தேடிச் சென்றதும் இல்லை.

பிரித்துக் கொடுத்தல் விதிகளின்படி கடமையும்கூட. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிஸ்கட், வறுவல் உறைகளில் வெவ்வேறு தகடுகளை ஆலையிலேயே ஒட்டிவிடுகின்றனர்; எவ்வளவு கவனமுள்ள இல்லத்தரசியும் அதைப் பிரிக்க முடியாது. அங்கே நம் கவனம் கடைக்குள் நிற்கும்போதே தொடங்க வேண்டும். வரும் மகாவீர் ஜயந்தியில் குழந்தைகளுக்கு அவ்வுறைகளை வழங்குவதா, சுண்டலை இலையில் வைத்துத் தருவதா என்பதை ஜினாலய நிர்வாகிகள் இப்போதே கூடிப் பேசலாம். வாழையிலைக்குத் திருச்சியில் பஞ்சமில்லை.