மூக்கைத் துடைத்த கதை

தொப்பியிலும் சட்டையிலும் மூக்கைத் துடைக்காதே என்று 1530-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் சிறுவர்களுக்கான நூலில் எழுத வேண்டியிருந்தது. (கைக்குட்டை அன்று வசதியுள்ளவர் பொருள்.) பிந்தைய நடத்தை நூல்களில் இந்த வெளிப்படையான பேச்சு குறைகிறது; சொல்லவே கூச்சம் வந்துவிட்டது. இந்நூல்களை வரிசையாக வைத்துப் படித்த சமூகவியலாளர் நார்பர்ட் எலியாஸ், 1939-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாற்றத்தின் காரணத்தைத் தனிமனித ஒழுக்கத்தில் தேடவில்லை. வணிகமும் வரியும் அரசவையும் முன்பின் தெரியாதவர்களையும் ஒருவரையொருவர் சார்ந்திருக்க வைத்தன. அந்தச் சங்கிலி நீள நீள, தன்னை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் ஊறியது; நாகரிகம் என்பது இதுவே என்றார்.

அப்படியானால், நாகரிகம் ஊறிய ஜெர்மனியில் நாஜிகள் எப்படி வந்தார்கள்? நியாயமான கேள்விதான். அவர்களிடம் தாயைப் பறிகொடுத்தவர் எலியாஸ். இந்தப் போக்கு பின்னோக்கியும் திரும்பும் என்பதை, ஜெர்மானியர் பற்றி 1989-இல் வந்த நூலில் அவரே விரிவாக ஆராய்ந்தார். நாகரிகத்தை ஓர் இனத்தின் பிறவிக் குணமாகப் பேசுகிறவர்களிடம்தான் இக்கேள்விக்கு விடை கிடையாது.